எழுத்தாளரே உடைமையாளராக: கோட்டயத்து எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு

இலக்கிய வரலாற்றை எழுதுவோர் ஆசிரியரைப் பற்றியும் நூலைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். நூல் எவ்வாறு அச்சேறிற்று, கடதாசிக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் கொடுத்தவர் யார், விற்ற பிரதிகளால் ஆசிரியருக்குக் கிடைத்தது யாது என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளிலே அருகியே காணப்படுகின்றன. ஆயினும், நவீன இலக்கியத்தைப் பொறுத்தவரை இவை புறம்பான வினாக்களல்ல. பண்டைய புலவன் புரவலனை முன்னிறுத்திப் பாடினான். அவன் கேட்போரை அறிந்திருந்தான். பரிசிலும் அங்கேயே கிடைத்தது. அச்சுக்காலத்து எழுத்தாளனோ முகமறியா வாசகனுக்காக எழுதுகின்றான். இருவருக்குமிடையில் அச்சகம், பதிப்பாளர், புத்தகக்கடை, நூலகம் எனப் பல நிலைகள் அமைகின்றன. இந்நிலைகள் யாருடைய கையில் உள்ளன என்பதைப் பொறுத்தே எழுத்தாளனின் வாழ்வும், ஒருவகையில் எழுத்தின் போக்கும் அமைகின்றன எனலாம்.

இவ்விடைவெளியைத் தாமே கைப்பற்ற முனைந்த எழுத்தாளர்களின் முயற்சிகளுள் கேரளத்துக் கோட்டயத்தில் 1945 ஆம் ஆண்டு தோன்றிய சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் தலையாயது. 'இலக்கியப் பணியாளர் கூட்டுறவுச் சங்கம்' என்பது அப்பெயரின் பொருள். பன்னிரண்டு எழுத்தாளர்கள், நூற்றிருபது ரூபா மூலதனம். சராசரியாகத் தலைக்குப் பத்து ரூபா. இவ்வளவே அதன் தொடக்கம். அதன் எழுச்சியையும் தளர்ச்சியையும் ஆராய்வது கேரள இலக்கியத்தை விளங்கிக்கொள்வதற்கு மட்டுமன்றி, சிறுமொழிப் பரப்பொன்றில் எழுத்தாளர் அமைப்புக்கள் எதைச் செய்தல் கூடும், எங்கே தவறுதல் கூடும் என்பதை நோக்குவதற்கும் உதவும்.

கோட்டயத்தின் பின்னணி

இத்தகையதோர் அமைப்பு திருவிதாங்கூரின் தலைநகராகிய திருவனந்தபுரத்திலன்றிக் கோட்டயத்தில் தோன்றியமை தற்செயலன்று. சேர்ச் மிசன் சங்கத்தைச் சார்ந்த பெஞ்சமின் பெய்லி 1821 இல் அங்கு அச்சகத்தை நிறுவி, மலையாள எழுத்துக்களைத் தாமே வார்ப்பித்தார். அதற்கு முன்னரே, 1817 இல், சி. எம். எஸ். கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. 1887 இல் கோட்டயத்தை அடுத்த மான்னானத்தில் நஸ்ராணி தீபிகையும், 1890 இல் கோட்டயத்தில் மலையாள மனோரமையும் வெளிவரலாயின. மிசனரிமாரின் அச்சகமும், அதையொட்டிய கல்விக்கூடங்களும், அவற்றின் விளைவான பத்திரிகைகளும் ஒரு நகரத்தின் அறிவுச் சூழலை எவ்வாறு மாற்றும் என்பதை, 1841 இல் உதயதாரகையைக் கண்ட யாழ்ப்பாணத்து வரலாற்றை அறிந்தோர் எளிதில் உணர்வர். எழுத்துக் கோப்போர், அச்சுப்பிழை திருத்துவோர், நூல்கட்டுவோர் ஆகிய தொழில்வல்லார் கோட்டயத்தில் நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவந்தனர்.

அச்சு வசதி இருந்ததேயன்றி எழுத்தாளனுக்குப் பயன் விளைந்ததில்லை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மலையாளத்தில் எழுதியோர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர்கள், சிறு வழக்கறிஞர்கள், பத்திரிகை அலுவலக ஊழியர்கள். நூலை வெளியிட விரும்பியவன், கைப்பொருளைச் செலவிட்டுத் தானே அச்சிட்டுத் தானே விற்றல் வேண்டும். அன்றேல், பதிப்பாளருக்குச் சிறுதொகைக்கு உரிமையை முற்றாகக் கொடுத்துவிடல் வேண்டும். வைக்கம் முகம்மது பஷீர் தம் நூல்களைத் தாமே சுமந்து எர்ணாகுளத்தில் வீடுவீடாகச் சென்று விற்றவர். பின்னர் அந்நகரிலேயே புத்தகக்கடையொன்றை நடத்தியவர். மலையாள உரைநடையின் தனிப்பெருங் கலைஞன் எனப் போற்றப்படுபவரின் நிலையே இதுவாயின், ஏனையோர் நிலை கூறவேண்டுவதன்று.

வாசகர் இல்லாமையால் இந்நிலை நேரவில்லை என்பதே இங்கு கருதத்தக்கது. சங்ஙம்புழ கிருஷ்ணபிள்ளையின் 'ரமணன்' 1936 இல் வெளிவந்தபோது, நூலை வாங்க இயலாதோர் அதைக் கையால் படியெடுத்துப் பாடித் திரிந்தனர். எழுத்தறிவும் ஏனைய பகுதிகளைவிட உயர்ந்தே இருந்தது. 1951 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அகில இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 வீதமாகவும், பின்னர் கேரளமாக அமைந்த நிலப்பரப்பில் 47 வீதமாகவும் இருந்தனர். வாசகன் இருந்தான், எழுத்தாளனும் இருந்தான், இருவரையும் இணைக்கும் நேர்மையான வழியே இருக்கவில்லை.

இயக்கத்திலிருந்து நிறுவனத்துக்கு

மலையாள எழுத்தாளர்கள் ஒன்றுகூடியது 1945 இல்தான் முதன்முறையன்று. 1937 இல் ஜீவல் சாகித்திய சங்கமும், 1944 இல் முற்போக்கு இலக்கிய அமைப்பாகிய புரோகமன சாகித்திய சங்கடனையும் தோன்றியிருந்தன. இலக்கியம் யாருக்காக, அதன் சமூகக் கடமை யாது என்னும் விவாதங்கள் அவ்வமைப்புக்களில் கூர்மையாக நடைபெற்றன. தகழி சிவசங்கரப்பிள்ளை, கேசவதேவ் முதலியோர் உழவனையும் தொழிலாளியையும் கதைமாந்தராக்கியதற்கு இவ்விவாதங்கள் ஊக்கமளித்தன. ஆயின், கொள்கையால் இணைந்தோர் கொள்கையாலேயே பிரிந்தனர். நாற்பதுகளின் இறுதியில், கலையின் தனியுரிமை, கட்சிச் சார்பு ஆகிய பிரச்சினைகளில் முற்போக்கு அணி பிளவுபட்டது.

கூட்டுறவுச் சங்கம் இதனின்றும் வேறுபட்டதோர் அடிப்படையில் எழுந்தது. அங்கத்தவர் ஒரே கொள்கையினராக இருத்தல் வேண்டுமென அது கேட்கவில்லை; எழுதுவோராக இருத்தல் போதுமானதாயிற்று. அவர்களை இணைத்தது பொதுவானதொரு பொருளியல் நலன். திறனாய்வாளர் எம். பி. போல் அதன் முதல் தலைவராகவும், சிறுகதையாசிரியர் காரூர் நீலகண்டப்பிள்ளை செயலாளராகவும் அமைந்தனர்.

இவ்விருவரது சேர்க்கை கவனத்துக்குரியது. 1904 இல் பிறந்த போல், நாவல் இலக்கியத்தையும் சிறுகதையையும் பற்றி முப்பதுகளின் தொடக்கத்திலேயே தனி நூல்கள் எழுதி, மலையாளத் திறனாய்வுக்கு நவீன அடித்தளம் இட்டவர். உலக இலக்கியத்தை அறிந்த ஆசிரியர். காரூரோ 1898 இல் ஏற்றுமானூரில் பிறந்து, ஆரம்பப் பாடசாலை ஆசிரியராக வறுமையை நேரிற் கண்டவர். பசி தாளாது மாணவனின் சோற்றுப்பொதியை எடுத்துண்ணும் ஆசிரியர் ஒருவரைப் பற்றிய அவரது 'பொதிச்சோறு' அக்காலத்து ஆசிரியர் வாழ்வின் ஆவணமாகவே கொள்ளத்தக்கது. எழுத்தாளனின் ஊதியம் என்பது அவருக்கு வெறும் கோட்பாடாக இருந்திருக்க முடியாது. ஒருவர் சங்கத்துக்கு இலக்கிய மதிப்பைத் தந்தார். மற்றவர் நாளாந்தக் கணக்கையும் கடிதங்களையும் கவனித்தார்.

சங்கம் வெளியிட்ட முதல் நூல் தகழியின் சிறுகதைத் தொகுதி. பன்னிருவரின் பணத்தில் ஒருவரது நூல் அச்சேறியது. அது விற்ற பின்னரே அடுத்தவரின் நூல் அச்சேறுதல் கூடும். கூட்டுறவு என்னும் சொல்லின் பொருள் இங்கேதான் சோதனைக்குள்ளாகின்றது. தன் நூல் காத்திருக்க, மற்றவன் நூல் முந்துவதை ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கின்றி இத்தகைய சங்கம் ஓராண்டும் நிலைத்திராது.

கடையும் நூலகமும்

நூலை அச்சிடுவது எளிது, விற்பதே அரிது. எழுத்தாளர் அமைப்புக்கள் பல இந்தக் கட்டத்திலேயே முறிந்துள்ளன. அச்சிட்ட பிரதிகள் செயலாளரின் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்க, அமைப்பு கடனில் மூழ்கும். கோட்டயத்துச் சங்கத்தை இவ்விதியிலிருந்து காத்தவை இரண்டு.

முதலாவது, விற்பனை நிறுவனமொன்றுடன் ஏற்பட்ட இணைப்பு. சங்கம் தோன்றிய அதே ஆண்டில் கோட்டயத்தில் நஷனல் புக் ஸ்டால் என்னும் புத்தகக்கடை திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் டி. சி. கிழக்கேமுறி. தேசிய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர், தாமும் எழுத்தாளர், அதனினும் மேலாக, புத்தக வாணிகத்தின் நுணுக்கங்களை உணர்ந்த அமைப்பாளர். 1949 இல் அக்கடை சங்கத்துடன் இணைக்கப்பட்டது. அன்றுமுதல் எழுத்தாளரின் பதிப்பகத்துக்குச் சொந்தக் கடை கிடைத்தது. காலப்போக்கில் கேரளத்தின் ஏனைய நகரங்களிலும் கிளைகள் திறக்கப்பட்டன. வாசகர் மத்தியில் சங்கத்தின் நீண்ட பெயரைக் காட்டிலும் கடையின் மூன்றெழுத்துச் சுருக்கமே வழங்கலாயிற்று. ஓரூரில் வாழும் எழுத்தாளனின் நூல் மறுகோடியிலுள்ள ஊரின் வாசகனைச் சென்றடைவதற்கு ஒழுங்கானதொரு பாதை அமைந்தது.

இரண்டாவது, நூலக இயக்கம். இதுவும் 1945 ஆம் ஆண்டுடன் தொடர்புடையது. நீலம்பேரூரில் 1926 இல் சிறு நூலகமொன்றைத் தொடங்கியிருந்த பி. என். பணிக்கர் என்னும் பாடசாலை ஆசிரியர், 1945 இல் 47 கிராம நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அம்பலப்புழையில் உருவாக்கினார். மாநில உருவாக்கத்தின் பின்னர் அது கேரளம் முழுவதற்குமாக விரிவடைந்து, ஆயிரக்கணக்கான நூலகங்களைத் தன்னுட் கொண்டது. 1975 இல் யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா விருது அதற்குக் கிடைத்தது. கிராம நூலகம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் சிறு தொகையேனும் நூல் வாங்கக் கிடைக்குமாயின், பதிப்பாளர் ஒவ்வொரு நூலுக்கும் குறைந்தளவு விற்பனையை எதிர்பார்க்கலாம். அவ்வுறுதி உள்ளபோது புதிய எழுத்தாளனின் முதல் நூலையும் துணிந்து அச்சிடலாம். தனிவாசகன் அறிந்த பெயரையே நாடுவான். நூலகமோ அறியாத பெயருக்கும் இடங்கொடுக்கும்.

ஒன்று எழுத்தாளர் அமைப்பு. மற்றது வாசகர் அமைப்பு. இவ்விரண்டும் ஒரே ஆண்டில், ஒரே சமஸ்தானத்தில், பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர்களாலேயே தோற்றுவிக்கப்பட்டமை கேரளப் பண்பாட்டு வரலாற்றின் முக்கிய நிகழ்ச்சியாகும். ஒன்றின்றி மற்றது இவ்வளவு வளர்ந்திராது.

விளைவுகள்

சங்கத்தின் முதன்மையான சாதனை, உரிமைப்பங்கை ஒழுங்காகவும் உயர்ந்த வீதத்திலும் வழங்கியமையே. எழுத்தாளன் பதிப்பாளரின் வாசலில் நின்று பெறும் சன்மானம் என்ற நிலை மாறி, விற்பனைக்கேற்பக் கணக்குப் பார்த்துப் பெறும் உரிமை என்ற நிலை தோன்றியது. அங்கத்தவன் என்னும் முறையில் அவன் கணக்கைக் கேட்கவும் கூடும். இம்மாற்றம் தொகையால் மட்டும் அளவிடத்தக்கதன்று. எழுதுவது ஒரு தொழில், அதற்கு ஊதியம் உண்டு என்னும் எண்ணத்தை மலையாள மண்ணில் அது வேரூன்றச் செய்தது.

1956 இல் சங்கம் வெளியிட்ட தகழியின் 'செம்மீன்' இதன் உச்சத்தைக் காட்டுகின்றது. 1957 இல் அது சாகித்திய அக்கடமிப் பரிசைப் பெற்றது. 1965 இல் ராமு காரியாட்டின் இயக்கத்தில் திரைப்படமாகி இந்தியக் குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கத்தை ஈட்டியது. பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் வாசகர்க்கும் அது நெருக்கமாயிற்று. ஆலப்புழைக் கடற்கரை மீனவர் வாழ்வைப் பற்றிய நாவல் உலகமொழிகளைச் சென்றடைந்த பாதையின் தொடக்கத்தில், எழுத்தாளர் சிலர் பத்துப் பத்து ரூபாவாகச் சேர்த்த பணம் இருந்தது என்பதை மறத்தலாகாது.

படைப்பிலக்கியத்துடன் சங்கம் நின்றுவிடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பத்துத் தொகுதிகளைக் கொண்ட 'விசுவவிஞ்ஞானகோசம்' என்னும் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் மேற்கொள்ளும் பெரும்பணியை எழுத்தாளரின் கூட்டுறவொன்று ஏற்று முடித்தமை அதன் வளர்ச்சியைப் புலப்படுத்தும்.

தளர்ச்சி

ஆயினும், இவ்வரலாறு வெற்றிக்கதையாக மட்டும் முடியவில்லை. எழுத்தாளரே உடைமையாளராகும்போது எழும் முரண்பாடுகள் மெல்ல மெல்ல வெளிப்பட்டன. கூட்டுறவில் ஆட்சி வாக்கினால் அமைகின்றது. இலக்கியத் தரமோ வாக்கினால் அமைவதன்று. நூல்களைத் தெரிவுசெய்வோர், அந்நூல்களை எழுதியோரின் வாக்கினாலேயே பதவி பெறுவராயின், மறுக்கப்பட்ட கையெழுத்துப்படி ஒவ்வொன்றும் ஓர் எதிர்வாக்காகும் அபாயம் உண்டு. பன்னிருவர் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்தில் நம்பிக்கை இதைச் சரிசெய்தது. அங்கத்தவர் பெருகியபோது தேர்தற் போட்டிகளும் குழுப் பிணக்குகளும் தலைதூக்கின. போல் 1952 இலேயே மறைந்துவிட்டார். காரூர் 1975 இல் காலமானார். தோற்றுவித்தோரின் தனிப்பட்ட மதிப்பு ஈடுசெய்த குறைகளை, பின்வந்த விதிமுறைகள் ஈடுசெய்யவில்லை.

மற்றொரு காரணம், அமைப்பு ஒரு மனிதரின் ஆற்றலில் அளவுக்கு மிஞ்சித் தங்கியிருந்தமை. விற்பனையின் உயிர்நாடியாக விளங்கிய கிழக்கேமுறி சங்கத்தை விட்டு நீங்கி, 1974 இல் தம் பெயரிலேயே தனிப் பதிப்பகத்தைக் கோட்டயத்தில் தொடங்கினார். கால் நூற்றாண்டாகச் சங்கம் உருவாக்கிய சந்தை, வாசகர், எழுத்தாளர் தொடர்பு யாவும் அவர் அறிந்தவை. முன்னணி எழுத்தாளர் பலர் நாளடைவில் அப்பதிப்பகத்தை நாடினர். பின்னர் அது மலையாளத்தின் மிகப்பெரும் பதிப்பகமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1977 இல், நூலகச் சங்கமும் அரசின் நிருவாகத்தின்கீழ் வந்தது. தன்னார்வத்தால் எழுந்த இரட்டை அமைப்புக்களின் முதற்காலம் எழுபதுகளுடன் முடிவடைந்தது எனலாம்.

சங்கம் அழிந்துவிடவில்லை. பழைய வேகமின்றியேனும் பதிப்புப் பணியைத் தொடர்ந்தது. 2024 இல் கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில், எழுத்தினதும் அச்சினதும் வரலாற்றைக் கூறும் அட்சரம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அது சங்கத்துக்குரிய நிலத்திலேயே அமைந்தது. மேலும், அதன் தளர்ச்சியை முழுத் தோல்வியாகக் கொள்ளுதலும் பொருந்தாது. பின்வந்த தனியார் பதிப்பகங்கள் எழுத்தாளனுக்கு உரிமைப்பங்கு வழங்குதல் இயல்பான கடமை என ஏற்கவேண்டியிருந்தமைக்குச் சங்கம் வகுத்த வழக்கமே காரணம். ஓர் அமைப்பு நலிந்தபின்னும் அது நிறுவிய நியமம் வாழுமாயின், அவ்வமைப்பு வரலாற்றில் தன் பணியைச் செய்ததாகவே கொள்ளல் வேண்டும்.

ஈழத்து அனுபவமும் கோட்டயமும்

கோட்டயத்துச் சங்கம் தோன்றுவதற்கு இரண்டாண்டு முன்னர், 1943 இல், யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அதன் வழிவந்த 'மறுமலர்ச்சி' இதழ் 1946 முதல் 1948 வரை வெளிவந்து, ஈழத்து நவீன இலக்கியத்தில் ஒரு காலகட்டத்துக்கே பெயர் தந்தது. 1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றி, தேசிய இலக்கியக் கோட்பாட்டை முன்வைத்து எழுத்தாளரை ஒன்றிணைத்தது. கருத்தளவில் இவற்றின் பங்களிப்பு கேரளத்து இயக்கங்களுக்குக் குறைந்ததன்று. ஆயினும், எழுத்தாளரை ஒன்றிணைத்த இவ்வமைப்புக்களால், எழுத்தையும் வாசகனையும் நிலையாக இணைக்கும் விற்பனை அமைப்பொன்றைக் கட்டியெழுப்ப இயலவில்லை. 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அவ்விதழைத் தாமே கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றமை ஈழத்து இலக்கியத்தின் பெருமைக்குரிய நிகழ்ச்சி. அதே வேளையில் அது ஒரு குறைபாட்டின் சான்றுமாகும். எர்ணாகுளத்துத் தெருக்களில் பஷீர் செய்ததும் அதுவே. வேறுபாடு யாதெனில், பஷீருக்குப் பின்னால் ஒரு சங்கமும் கடையும் ஆயிரக்கணக்கான கிராம நூலகங்களும் உருவாயின.

இவ்வேறுபாட்டுக்கு எழுத்தாளரின் மனப்பாங்கை மட்டும் காரணமாக்குதல் நியாயமன்று. ஈழத்தில் வாசகர் தொகை சிறிது. தமிழகத்து நூல்களினதும் சஞ்சிகைகளினதும் போட்டி பெரிது. பிற்காலத்தில் யுத்தமும் இடப்பெயர்வும் அமைப்புக்களையே சிதறடித்தன. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன், நூலுக்கும் சமூகத்துக்கும் இடையிலிருந்த முதன்மையான இணைப்பொன்றும் சாம்பலாயிற்று. எனினும், கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய ஒரு மண்ணில், ஐக்கிய நாணய சங்கத்தையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தையும் நடத்தத் தெரிந்த சமூகத்தில், நூலும் கூட்டுறவுப் பண்டமாகலாம் என்னும் எண்ணம் வலுப்பெறாதது ஆராயத்தக்கதே.

எழுத்தாளருக்கு ஆதரவு என்பது பெரும்பாலும் வெளியீட்டு விழாவாகவும், பொன்னாடையாகவும், வாழ்த்துரையாகவும் அமைந்துவிடுகின்றது. விழா முடிந்தபின் விற்காத பிரதிகளுடன் வீடு திரும்புபவன் எழுத்தாளனே. கோட்டயத்துப் பன்னிருவர் பொன்னாடையைப் பற்றி எண்ணவில்லை. பற்றுச்சீட்டைப் பற்றி எண்ணினர். அச்சகத்தையும் கடையையும் நூலகத்தையும் ஒரு வட்டத்துள் கொண்டுவர முனைந்தனர். அவ்வட்டம் முழுமையாக இருந்தவரை அவர்களது சங்கம் செழித்தது. அதில் ஒரு கண்ணி கழன்றபோது தளர்ந்தது. எழுத்தாளர் அமைப்பொன்றை இனித் தோற்றுவிக்க எண்ணுவோர், முதற் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை வகுக்குமுன் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இதுவேயாகும்.